வேலிக்கு வெளியே நின்ற தம்பிக்கு

பாம்ப்டன், நியூ ஜெர்சி
மார்ச் 1777

தம்பி டிர்க்குக்கு அக்கா ஆன்ட்யே எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன்.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ மாற்றிச் சொல்லக் கூடாது. அடுப்படியில் நானும் பேத்தி லீஸ்பெத்தும். கூடத்தில் பட்டாளத்து டாக்டர் பெல்டன், கார்ப்பரல் ஜோனா, அவனுடைய ஆட்கள். வேலிக்கு வெளியே, அம்மை ஒட்டிவிடுமோ என்று மூக்கில் வினிகர்த் துணியோடு, தேவாலய மூப்பராகிய நீ.

குண்டடி பட்டுச் செத்தவர்களைவிடப் பெரியம்மையில் செத்தவர்கள் அதிகமாம், பட்டாளம் முழுக்க அம்மை குத்த மேலிடத்து உத்தரவாம், அதற்கு என் கூடம்தான் கிடைத்தது. குத்தினால் லேசாக வார்த்துப் போய்விடும். ஆனால் பக்கத்தில் குத்திக்கொள்ளாதவள் இருந்தால் அவளுக்கு முழு அம்மை. எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனது, முகமே சாட்சி. உனக்கும் லீஸ்பெத்துக்கும் வரவில்லை. அவளுக்கும் குத்துங்கள் என்றால், "நூல் பட்டாளத்துக்கு மட்டுந்தாம்மா" என்கிறார் டாக்டர். கொப்புளத்து நீரில் தோய்த்த நூலாம், கையைக் கீறி வைத்துக் கட்டுவார்களாம். சரி என்று, ஏற்கெனவே அம்மை கண்ட ஜோனாவின் கோட்டையும் தொப்பியையும் அவளுக்கு மாட்டி வரிசையில் நிறுத்தினேன். டாக்டருக்குக் கிட்டப்பார்வை. பத்தியக் கஞ்சியே குடித்துக் குடித்து அந்த ஆட்களும் பெண்பிள்ளைகள் போலத்தான் இருந்தார்கள்.

கத்தி அவள் கையருகே வந்தபோது வேலியிலிருந்து ஒரு குரல்.

"டாக்டரய்யா! அது பட்டாளத்தான் இல்ல, எங்கக்கா பேத்தி! கடவுள் கொடுக்காத நோவ மனுஷன் கொடுக்கறது பாவம்!"

டாக்டர் கத்தியை மடக்கிவிட்டார். நான் கரண்டியை அவர் கையில் திணித்தேன்.

"அப்ப இனிமே கஞ்சிய நீங்களே காய்ச்சுங்க. விறகு கொல்லையில இருக்கு. அடிப்பிடிக்கும், பாத்துக்குங்க."

"ஐயா," என்றான் ஜோனா, "பாட்டி நம்மளக் கைவிட்டுட்டா, அம்மைக்கு முன்னாடி உங்க சமையலே எங்கள முடிச்சிடும்."

டாக்டர் சட்டியைப் பார்த்தார். கத்தியை மறுபடி விரித்தார்.

லீஸ்பெத்துக்கு நாலைந்து கொப்புளம்தான். என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். பத்தியம் முடிந்ததும் பட்டாளம் என் கோழிகளைத் தின்றது, மன்னித்தேன். டாக்டரையும் மன்னித்தேன். உன் நிழல்கூட என் வாசலில் விழக் கூடாது. என் கல்யாணத்தன்று பன்றியை அவிழ்த்துவிட்டவனும் நீதான், மறக்கவில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நான் காப்பதாக இல்லை.

ஆன்ட்யே

பி.கு.: கூடத்தில் இப்போது அடுத்த கூட்டம் அம்மையோடு படுத்திருக்கிறது. அம்மை வீட்டுக் கடிதத்தில் நோய் ஒட்டிக்கொண்டு வருமாம், புகை காட்டித்தான் பிரிக்க வேண்டுமாம். அதை மேலுறையில் எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இதுவரை வாசித்துவிட்டாய் என்றால், முழு அம்மை முந்திக்கொள்வதற்குள் ஓடி வந்து குத்திக்கொள். டாக்டர் சனிக்கிழமைவரை இருப்பார், நூலுக்கு நான் பேசிவிட்டேன். ஜன்னலோரம் உனக்குப் படுக்கை விரித்தாயிற்று. கஞ்சியும் நானே காய்ச்சுகிறேன். ஆனால் ஒருவனை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்: டிர்க் வான் ரைப்பர்.