மினுங்கும் புரதம்

ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்த விரல் நீளக் குப்பியைக் காணோம்.

“எம்மா, என் குப்பி எங்க?”

“ரூபியா வீட்டுப் பிரியாணிச் சட்டியத் திருப்பிக் குடுக்கணும்லா,” என்றாள் சுந்தரபாய். “வெறுஞ்சட்டியாவா குடுக்க? வீட்டுல சீனி இல்ல. அதான் சீனி மாதிரி இருக்குன்னு உன் பொடிக் குப்பிய உள்ள வச்சுக் குடுத்தேன்.”

ஜெர்சோன் வாசலுக்கு ஓடினான். அந்தப் பொடி, இயற்கை செய்ய மறந்த ஓர் அமினோ அமிலம். நுண்ணுயிருக்குக் கொடுத்தால் அது தன் புரதத்தில் வைத்துத் தைத்துக்கொள்ளும்; தைத்த இடம் நீல வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். இரண்டு வருஷம் மினுங்காமல் அவனை அழவைத்தது. போன வருஷம் நோன்புப் பெருநாள் லீவு முடிந்து லேபுக்குத் திரும்பியதிலிருந்துதான் மினுங்கியது. கட்டுரை அச்சேறியது. நாளை முனைவர் பட்டத் தேர்வு. தேர்வாளர் தம் கண்முன்னே மினுக்கிக் காட்டச் சொல்லியிருந்தார். லேப் ஃபிரிட்ஜை நம்பாமல் லீவுதோறும் குப்பியைச் சங்கரன்கோவிலுக்குத் தூக்கிவந்தவன் அவனேதான்.

அடுத்த வீட்டில் ரூபியாவின் கணவர் ஷேக் ஃபரீத் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குப்பி, காலி.

அமினோ அமிலத்தை விளக்கி முடிப்பதற்குள் டம்ளரும் காலியாகிவிடும்.

“பாய், குடிக்காதீங்க. எறும்பு மருந்து.”

ஃபரீத் மிச்ச டீயை வாஷ்பேசினில் கவிழ்த்துவிட்டு, தொண்டைக்குள் விரலை விட்டார். அதோடு டீயிலிருந்து பொடியை மீட்கும் வழியும் போயிற்று. ரூபியா ஆட்டோவுக்கு போன் போட்டாள்.

“ஆஸ்பத்திரி வேண்டாம்க்கா. விஷமில்ல, என் ஆராய்ச்சிப் பொடி. கிருமி தின்னா மினுங்கும், அவ்வளவுதான்.”

“மினுங்குமா?” ஃபரீத் லைட்டை அணைத்தார். “நல்லாப் பாரு வே. எங்கயும் தெரியுதா?”

ஜெர்சோன் நீல டார்ச்சை அடித்தான். இருட்டில் பல் வரிசை மட்டும் பளிச்சென்றது.

“பல்லுக்கு வந்துட்டு,” என்றாள் ரூபியா. “மேல ஏறுததுக்குள்ள ஆட்டோ வரட்டும்.”

“அது எல்லாருக்கும் அப்படித்தான்க்கா.” ஜெர்சோன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “குப்பியில ஒரு பொட்டு இல்ல. நாளைக்கு என்னத்தப் போட்டு மினுக்கிக் காட்டுவேன்?”

ரூபியா லைட்டைப் போட்டு, குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

“இதுக்கா மக்கா அழுத? போன வருஷம் நோன்புப் பெருநாளைக்கும் உங்கம்மா இப்படித்தான் சட்டியில வச்சுக் குடுத்தா; உன் பொடி இனிக்கலன்னு அப்பவே சாக்கடையில கொட்டிட்டேன்; வெறுங்குப்பியாவா திருப்பிக் குடுக்கன்னு சீனியப் பொடிச்சு நிரப்பி அனுப்புனதும் நான்தான்.”