அங்கீகரிக்கப்பட்ட வலி

பிள்ளை பெறுவது தாயின் வேலை என்றுதான் அந்த ஊரில் எல்லோரும் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அது ஓர் அலுவலகத்தின் வேலை என்பது, பெரியாஸ்பத்திரியில் ‘இயற்கைப் பிரசவ ஊக்குவிப்புப் பிரிவு’ திறந்த பிறகுதான் தெரியவந்தது. பிரிவுக்கென்று தனி மாடி, ஓர் ஒருங்கிணைப்பாளர், ஏழு மேசை, சுவர் முழுக்க ஓர் அருவிப் படம். அருவிக்குச் சத்தம் வேண்டுமே என்று படத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணியானால் அருவி நின்றுவிடும்.

அந்த மாடிக்குத்தான் ஏழாவது மாதத்தில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நம் கண்டக்டரம்மா படியேறிப் போனாள். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவள். அவளோடு வேலை பார்த்த ஒருத்தி, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்த நாலாவது மாதம் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வேகத்தடை வந்தால் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொள்வாள். டிக்கெட் கொடுக்க மூன்றாவது கை இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து நம் கண்டக்டரம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

“ஏங்க, எது வேணா ஆகட்டும். கத்தி மட்டும் என் மேல படக்கூடாது.”

கணவர் தையல்காரர். அதிர்ந்து பேசாதவர். “துணியையே மூணு தடவை அளந்துட்டுத்தாம்மா வெட்டுவேன்,” என்றார். “உன்னை அளக்காமலே வெட்ட விட்டுருவேனா?”

ஒருங்கிணைப்பாளர் இருவரையும் அன்போடு வரவேற்றார்.

“இயற்கையா பெத்துக்கணும் சார்,” என்றாள் கண்டக்டரம்மா.

“ரொம்ப சந்தோஷம். மனு போட்டாச்சா?”

“இயற்கைக்கா?”

“பின்னே? பதினோரு பக்கம். மூணு நகல்.”

தையல்காரர் மெதுவாகக் கேட்டார்: “அறுவைக்கு எத்தனை பக்கம் சார்?”

“அதுக்கென்ன, ஒரு கையெழுத்து. கை நடுங்குச்சுன்னா நாங்களே பிடிச்சுக்குவோம். இயற்கைதான் கொஞ்சம் சிக்கலான விஷயம்.”

பதினோரு பக்கத்திலும் முத்திரை குத்த ஜன்னலோரம் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். பெரிய சிஸ்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்தவர். ஊரில் பாதிப் பேர் முதலில் விழுந்தது அவர் கையில்தான். ஒருங்கிணைப்பாளரும் அந்தப் பாதியில் ஒருவர். இவ்வளவு அனுபவத்தை வார்டில் வீணாக்கக்கூடாது என்று அவரை மாடிக்குக் கொண்டுவந்து கையில் முத்திரையைக் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமைதோறும் மூச்சு வகுப்பு. கர்ப்பிணிகள் பாயை விரித்து, ஆளுக்கொரு பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்காருவார்கள். எந்தப் பந்தில் உட்கார்ந்தால் எப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நீலப் பந்துக்கு நல்ல பேர். ஆசிரியை பிள்ளை பெற்றதில்லை, பிறப்பதைப் பார்த்ததும் இல்லை. ஆனால் மூச்சில் கெட்டிக்காரி.

“பூவை முகர்ற மாதிரி இழுங்க... மெழுகுவர்த்தி அணையாத மாதிரி விடுங்க...”

கண்டக்டரம்மா விட்ட மூச்சில் முன்வரிசையில் இருந்தவளின் முந்தானை பறந்தது.

“மெதுவா, மெதுவா! சத்தமே கேக்கக்கூடாது. சத்தம் இயற்கைக்கு விரோதம்.”

“அப்போ இடி இடிக்குதே டீச்சர்?”

“இடி நம்ம பிரிவுல வராது.”

மனுவின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘வலி தொடங்கும் நாள், நேரம். குழந்தை வெளிவரும் நேரம்.’ மற்றவர்கள் அதைக் காலியாக விட்டார்கள். மனு திரும்பி வந்தது. ‘கடவுள் விருப்பம்’ என்று எழுதிய ஒருத்தியிடம், கடவுளின் ஒப்புதல் கடிதத்தை இணைக்கச் சொன்னார்கள். கண்டக்டரம்மாவோ தினமும் பஸ்ஸில் நேரக்குறிப்பு எழுதிப் பழகியவள். ஒரு கட்டத்தைக் காலியாக விட அவள் கை கேட்குமா? டாக்டர் சொன்ன வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தாள். ‘புறப்பாடு காலை 6.10. வந்து சேர்வது 10.40. இடையில் நாலு இடத்தில் நின்று வரும்’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

மனுக்களைப் பரிசீலிக்கும் குழு அசந்துபோனது. இப்படியொரு தெளிவான கர்ப்பத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. ஒரே அமர்வில் அனுமதி கிடைத்தது.

வலி திங்கட்கிழமை வந்தது.

தையல்காரர் அவளைத் தாங்கிப் பிடித்து மாடியேற்றினார். ஒருங்கிணைப்பாளர் கோப்பைப் பிரித்து, நாட்காட்டியைப் பார்த்து, மறுபடியும் கோப்பைப் பார்த்தார்.

“இது என்ன வலிம்மா?”

“பிரசவ வலிதான் சார்!”

“அது நாளைக்கு. குழு செவ்வாய்க்குத்தான் அனுமதி குடுத்திருக்கு. இன்னைக்கு வர்றது அங்கீகாரம் இல்லாத வலி. நாங்க அதைக் கவனிக்க முடியாது.”

“அதை உள்ள இருக்கிறதுகிட்ட சொல்லுங்க!”

“அதோட எங்களுக்கு நேரடித் தொடர்பு இல்லைம்மா. இன்னைக்கேதான் வேணும்னா கீழே அறுவைக்குப் போங்க. அவங்களுக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான்.”

“கத்தி வேணாம்!” என்று கண்டக்டரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். மேசை நகர்ந்தது.

“குழுவைக் கூட்டித் தேதியை மாத்துங்க சார்,” என்று கும்பிட்டார் தையல்காரர்.

கூட்டினார்கள். மனிதாபிமானம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இதை ‘முன்கூட்டிய வலி’ என்பதா, ‘வலியின் முன்வருகை’ என்பதா என்று விவாதம் தொடங்கியது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது.

அப்போதுதான் கண்டக்டரம்மா கத்தினாள். நெரிசலில் படியில் தொங்குகிறவனை உள்ளே இழுத்துப் போட்ட குரல் அது. அருவிப் பெட்டி அதிர்ந்து நின்றுபோனது.

பெரிய சிஸ்டர் முத்திரையைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். “ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க. நீ இருய்யா, தோளைப் பிடி. கத்தும்மா, நல்லாக் கத்து. யார் வேணாம்னா?”

மூச்சு வகுப்புப் பாயில் இருபது நிமிஷத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதுவும் கத்தியது. அந்த அறையில் ஒரு நிமிஷம் யாருக்கும் எந்த விதியும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த நிமிஷம் ஒருங்கிணைப்பாளர் பதிவேட்டோடு வந்தார்.

“ரெண்டே கட்டம்தான் இருக்கு. இயற்கை, அறுவை. எதுல எழுதறது?”

“கத்தி படலை, பிள்ளை வந்தாச்சு,” என்றார் பெரிய சிஸ்டர். “இயற்கைன்னு எழுதுங்க தம்பி.”

“அனுமதி இல்லாம நடந்தது எப்படி இயற்கையாகும்? அப்போ மிச்சம் அறுவைதான்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அறுவைன்னு எழுதினா தணிக்கையில தழும்பு கேப்பாங்க. பயப்படாதீங்கம்மா. சின்னக் கீறல்தான். எவ்வளவு நீளம்னு விதியில இல்லை.”

தையல்காரர் நடுவில் வந்து நின்றார். “அவ மேல கத்தி வெச்சீங்கன்னா...” என்று ஆரம்பித்தார். மிரட்டிப் பழக்கமில்லாததால் வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் நல்ல மனுஷன். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

“குழந்தை இன்னும் பிறக்கலைன்னு வெச்சுக்குவோம். நாளைக்குப் பத்து நாற்பதுக்கு முறைப்படி பெத்துக்குங்க.”

“அதுவரைக்கும் இது யாரு?” என்றாள் கண்டக்டரம்மா, மார்போடு அணைத்தபடி.

“பார்வையாளர்.”

குழந்தையின் மணிக்கட்டில் பார்வையாளர் அட்டையைக் கட்டினார்கள். ‘யாரைப் பார்க்க வந்தீர்’ என்ற இடத்தில் தாயின் பெயரை எழுதினார்கள். அதில் மட்டும் தவறேதும் இல்லை.

மறுநாள் எல்லாம் சிறப்பாக நடந்தது. விளக்கைக் குறைத்தார்கள், அருவியைப் பழுது பார்த்து ஓடவிட்டார்கள். கண்டக்டரம்மா படுத்திருந்தாள், போர்வைக்குள் குழந்தை தூங்கியது. ஆசிரியை மூச்சை எண்ண, குழு சுற்றி நிற்க, சரியாகப் பத்து நாற்பதுக்குப் போர்வையை விலக்கினார்கள். குழந்தை கொட்டாவி விட்டது. குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் வீடியோ எடுத்தார். ‘பிரசவ நேரத்தில் இவ்வளவு அமைதியான முகத்தை நாங்கள் கண்டதில்லை’ என்று குறிப்பு எழுதப்பட்டது. அது உண்மைதான்.

கண்டக்டரம்மாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. பெரிய சிஸ்டருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும், பயிற்சிக்கு அனுப்பி ஓர் உத்தரவும் கிடைத்தன.

மூன்று மாதம் கழித்துத் தடுப்பூசி போட வந்தவளை ஒருங்கிணைப்பாளர் பார்த்துவிட்டார். கையோடு வகுப்புக்கு அழைத்துப் போனார். முப்பது பெண்கள் பந்துகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வீடியோ அப்போதுதான் ஓடி முடிந்திருந்தது. படபடவென்று கைதட்டினார்கள்.

நிறைமாதக்காரி ஒருத்தி எழுந்தாள். பயத்தில் கண் கலங்கியிருந்தது.

“அக்கா... நிஜமாவே வலிக்கலையா?”

கண்டக்டரம்மாவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் சில்லறை கேட்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது முகமும் மலர்ந்திருந்தன.

“வலியெல்லாம் நம்ம நினைப்புலதான் இருக்கும்மா,” என்றாள். “சத்தம் போடாம மூச்சைக் கவனிச்சா, அது பாட்டுக்கு வந்துரும்.”

மறுபடி கைதட்டல். முதல் வரிசையில், உத்தரவுப்படி ஒரு நீலப் பந்தின் மேல் உட்கார்ந்திருந்த பெரிய சிஸ்டர், மடியில் நோட்டைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா,” என்றார். “எழுதிக்கறேன்.”