நான் உதவி செய்த லட்சணம்

அன்பும் மரியாதையும், சிறுவயது முதல் இன்றுவரை குறையாத கொஞ்சம் பயமும் கலந்து, அக்காவுக்கு உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனைவியும் மகளும் சௌக்கியம். சமையலறைக் குழாயும் மேஜை விசிறியும் அவ்வளவு சௌக்கியமாக இல்லை. காரணம் கீழே வருகிறது. அங்கே உன் முட்டிவலி குறைந்து, நீயும் அத்தானும் நிம்மதியாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் திட்டுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன் என்பதால் கடிதம்.

உன் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, ஏ.டி.எச்.டி. இருப்பதாகப் போன வருடம் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். சோம்பல் இல்லை, திமிரும் இல்லை. ஓரிடத்தில் உட்கார வேண்டிய மனது ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது, அவ்வளவுதான். இந்தப் பருவத்துக்கான ஆய்வறிக்கையை நேரத்தில் கொடுக்காவிட்டால் கல்லூரியில் அவள் பெயரை நீக்கிவிடுவார்கள். "எனக்கு எல்லாம் புரியுதுப்பா. உட்கார்ந்து எழுதத்தான் முடியலை. நான் முட்டாள் இல்லைப்பா" என்று சமையலறையில் நின்று அவள் அழுதாள். ஓய்வு பெறும்வரை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் வெளியே எடுத்தவன் நான். பெற்ற பெண்ணை எடுக்க முடியாதா என்று எனக்கு ரோஷம் வந்தது. வந்திருக்கக் கூடாது.

கல்லூரியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அம்மாளைப் போய்ப் பார்த்தோம். நல்ல பெண்மணி. தேர்வு எழுதத் தனி அறையும் கூடுதல் நேரமும் வாங்கித் தருகிறேன் என்றார். வீட்டில் என்ன செய்யலாம் என்று நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி கேட்டேன். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார், நேரம் போவது தெரிய மணி வைக்கச் சொன்னார். "இல்லேன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். அவங்க படிக்கும்போது நீங்க பக்கத்துல உட்கார்ந்து உங்க வேலையைப் பாருங்க. அறிவுரை மட்டும் வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அறிவுரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலில் வேலையைப் பிரித்தேன். 'நாற்காலியை இழு', 'உட்கார்', 'பேனாவின் மூடியைத் திற' என்று ஆரம்பித்துத் துண்டுச்சீட்டு எழுதிச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டேன். அவளும் ரொம்ப ஆசையாகப் படித்தாள். பிறகு அவற்றை நிறவாரியாக மாற்றி ஒட்டினாள், என் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள், மதியம் ஆகிவிட்டது. சரி, மணி வைப்போம் என்று வீட்டிலிருந்த கடிகாரம், போன், மின்சார அடுப்பு எல்லாவற்றிலும் அலாரம் வைத்தேன். முதல் அலாரம் அடித்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை அக்கா, பழக்கதோஷம், கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, லிஃப்ட் கதவைத் தட்டி, "பயப்படாதீங்க, எந்த பட்டனையும் அழுத்தாதீங்க, வந்துட்டேன்" என்று கத்தியிருக்கிறேன். உள்ளே சௌகரியமாக வந்துகொண்டிருந்த கீழ்வீட்டுக்காரர் பயந்துபோய் எல்லா பட்டனையும் அழுத்தி, நிஜமாகவே மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுத்துச் சமாதானம் செய்து திரும்புவதற்குள் வீட்டில் மிச்ச அலாரம் எல்லாம் சேர்ந்து அடித்து, என் மகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது பக்கத்தில் உட்காருவதுதான். என் வேலையைப் பார்க்கச் சொன்னார்களே, ஓய்வு பெற்றவனுக்கு ஏது வேலை? பேப்பர் படித்தேன். நல்ல செய்தி வந்தால் வாய் சும்மா இருக்கிறதா, உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முறைத்ததும் பேப்பரை வைத்துவிட்டு மேஜை விசிறியைக் கழற்றினேன். திருகாணி உருண்டு அவள் நாற்காலிக்கு அடியில் போனது, தவழ்ந்துபோய்த் தேடினேன். விசிறிக்கு எண்ணெய் எடுக்கச் சமையலறைக்குப் போனவன் குழாய் சொட்டுவதைப் பார்த்து அதைக் கழற்ற, தண்ணீர் பீறிட, வால்வை மூடுகிறேன் பேர்வழி என்று கட்டடத்துக்கே தண்ணீரை நிறுத்த, தலையில் சோப்பு நுரையோடு மேல்வீட்டுக்காரர் வந்து நின்றார். இத்தனை ரகளையிலும் பாவம் அந்தக் குழந்தை தலை நிமிராமல் ஓர் அத்தியாயம் எழுதி முடித்திருந்தாள். என்ன மன உறுதி பார்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த என் மனைவி வீடு இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க உதவி பண்றதை நிறுத்தினாலே அவ பாஸ் பண்ணிடுவா" என்று மறுநாள் என்னைப் பூங்காவுக்குத் துரத்தினாள். பொழுது சாயும்வரை வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அன்றைக்கு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. முந்தைய நாள் நான் கொடுத்த தொந்தரவின் மிச்சம் குழந்தையை அந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது.

ஆகையால் ஒரு விண்ணப்பம். அறிக்கை முடியும்வரை அவளை உன் வீட்டில் வைத்துக்கொள். உன் வீட்டில் குண்டூசி விழுந்தால் கேட்கும், அத்தானும் அதை எடுத்து வைத்துவிடுவார். அவளைப் பிரிந்திருக்க எனக்குத் துளிகூட மனமில்லை. ஆனால் என்னாலேயே அவள் படிப்பு போய்விட்டால் நான் அதை எப்படித் தாங்குவேன் சொல். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடமே கொடுக்கிறேன், வெளியே போய்வந்த மாதிரியும் இருக்கும்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். உன் ஆசி எனக்கு வேண்டாம், மொத்தத்தையும் உன் மருமகளுக்கே கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உபகாரம் செய்யத் தெரியாத உன் தம்பி

பின்குறிப்பு: அத்தை, இது நான். அப்பா கவரை ஒட்ட மறந்துட்டுக் கொடுத்தார். நான் அங்க வரலை, கோவிச்சுக்காதீங்க. உங்க வீடு மாதிரி அமைதியா இருந்தா எனக்கு ஒரு வரிகூட ஓடாது. அப்பா பக்கத்துல உட்கார்ந்து எதையாவது கழட்டித் தனக்குத்தானே பேசிட்டு இருந்தாத்தான் நான் எழுந்திரிக்காம எழுதறேன். இப்ப மிக்ஸியைக் கழட்டிட்டு இருக்கார், நான் கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டேன். தயவுசெய்து இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. உதவி பண்றோம்னு தெரிஞ்சா ஒழுங்கா பண்ண ஆரம்பிச்சுடுவார். இடம் இல்லைன்னு மட்டும் பதில் போடுங்க. அப்புறம், எங்க வீட்டுல கழட்ட இனிமே ஒண்ணும் இல்லை. உங்ககிட்ட ஓடாத தையல் மிஷின் ஏதாவது இருந்தா உடனே அனுப்புங்க.