படத்துக்குச் சிரித்த சாரதி

சட்டமே தெரியாதவனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் வராது. அரைகுறையாகத் தெரிந்தவனிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியில், ஸ்டுட்கார்ட்டில் எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியை நான் வகித்தேன். (போட்டிக்கு யாரும் இருக்கவில்லை.)

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், புதுக்கார் வாங்கினார். ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் அவருக்கு வேலை. வாகனப் பூசைக்குக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்போதுதான் லைசன்ஸ் எடுத்திருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயிலுக்கென்று கார் நிறுத்த இடமில்லை. பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டின் தரிப்பிடத்தில் விட்டேன். அங்கே கட்டாயம் வெளியே தெரியவேண்டிய, வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டையைக் கண்ணாடிக்குள் ஒழுங்காகத்தான் வைத்தேன். ஐயர் அங்கேயே வந்து, கண்ணாடி நிறையத் திருநீறும் சந்தனமும் பூசி, பெரிய மாலையொன்றையும் போட்டார். அதற்குப் பிறகு அட்டை கடவுளுக்கு மட்டுமே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜெர்மன்காரர் கமராவோடு வந்து காரைப் படமெடுக்கத் தொடங்கினார். நம் பண்பாட்டின் மேல் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் புல்லரித்தது. அவசரமாக உள்ளே ஏறி, பக்கக் கண்ணாடியை இறக்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். ஐயர் கற்பூரம் கொளுத்தும்வரை பொறுக்கச் சொல்லி, இன்னொரு படமும் எடுக்கவைத்தேன். போகும்போது அவர் மாலையைத் தொட்டு ஏதோ செய்தார். பக்தி என்று நினைத்தேன்.

வேலை முடிந்து வந்த மச்சான் மாலையைக் கழற்றியபோது, வைப்பரில் செருகியிருந்த அபராதத் துண்டு விழுந்தது. அவர் முகம் வாடிவிட்டது. இனி இந்தக் கார்ச் சாவி என் கைக்கு வராது என்று எனக்குப் பயம் பிடித்தது. வேலையிடத்தில் காதில் விழுந்த சட்டத்தையெல்லாம் திரட்டினேன்.

"மச்சான், இது பொலிஸ் தந்த துண்டில்லை, தரிப்பிடத்தைப் பாக்கிற தனியார் ஆக்களின்ர. கார் ஓடினவரிட்டத்தான் அவங்கள் காசு கேட்கலாம். ஆர் ஓடினதெண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் ஓடேல்லை எண்டு மட்டும் எழுதுங்கோ."

அது உண்மைதான் என்பதால் அவரும் எழுதிப் போட்டார். அதன்பிறகு நான் குடும்பச் சட்டத்தரணியாகவே நடமாடினேன். கோயிலுக்கு வந்தவர்களுக்கும் இலவச ஆலோசனை வழங்கினேன்.

பதில் வந்தது. சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும் மச்சான் உறையைப் பிரித்தார். இந்த ஓட்டுநரைத் தங்களுக்குத் தெரியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். கூடவே இரண்டு படங்கள். இரண்டிலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, காதுவரை சிரித்துக்கொண்டு நான். இரண்டாவதில் கற்பூர வெளிச்சம் வேறு.

மச்சான் படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓம், ஆளைத் தெரியும்," என்றார். "ஆனா எங்கட சட்டத்தரணியிட்டக் கேட்காமல் சொல்லேலாது."

மறுநாளே காசைக் கட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மச்சான் சாவியைத் தராமல் விடவில்லை. அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையிலும் மாட்டிவிட்டார். (உள்ளதைச் சொன்னால், என் கல்யாணப் படத்தில்கூட நான் இவ்வளவு அழகாக இல்லை.)

இன்றைக்கும் நான் எங்கே காரை நிறுத்தினாலும், இறங்குமுன் மச்சான் என் பக்கம் திரும்பி அமைதியாகக் கேட்பார்:

"சீப்பெடுத்துத் தலை இழுத்தனீரோ? படமெடுக்க வருவாங்கள்."