ஆற்றோரத் திருப்பத்துச் சேறும் ஞானமகன் லியோனும்

சேசு மரி சூசை துணை

கட்டுகஸ்தோட்டை,
1932 நவம்பர் 14, திங்கட்கிழமை.

கம்பளையில் கடையையும் என் அக்காள் டொரதியையும் இத்தனை காலமாகப் பொறுமையோடு சமாளித்துவரும் மதிப்புக்குரிய வின்சன்ட் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் கபிரியேல் பணிவோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அந்த எல்லோரில் உங்கள் மகன் லியோன் மட்டும் சேர்த்தியில்லை. அவன் என் மருந்துக்கடையின் பின்னறையில் தோள்கட்டோடு படுத்திருக்கிறான். பயப்பட வேண்டாம், எலும்பு முறியவில்லை. தோள்மூட்டு இறங்கியிருந்தது, நானே ஏற்றிவிட்டேன். இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி அக்காளுக்குச் சொல்லிவிட்டு, அவள் அழுது முடித்தபிறகு மீதியைப் படிக்கவும்.

நீங்கள் சொல்லியனுப்பியபடி, அவனைக் குதிரைத் தொழிலிலிருந்து பிடுங்கி உங்களிடம் ரயிலேற்றிவிடத்தான் சனிக்கிழமை அந்த ஆற்றோரப் பந்தய மைதானத்துக்குப் போனேன். எனக்குப் பந்தயத்தில் துளி ஆசையும் கிடையாது. போனவுடன் லியோனைக் கண்டேன். எடை குறைய வேண்டுமென்று முதல்நாள் முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேர்த்திருக்கிறான். காலையில் வெறும் தேத்தண்ணி. அக்காள் வயிற்றில் பிறந்த பிள்ளையா, கம்பிக்குக் கால்சட்டை போட்டதா என்று தெரியவில்லை. "வாடா வீட்டுக்கு" என்றேன். "இந்த ஒரு ஓட்டம் மட்டும் மாமா, பெலிண்டா என்னைத் தவிர ஆருக்கும் அடங்காது" என்றான். பெலிண்டா என்பது அவன் ஏறுகிற பெட்டைக்குதிரை. நான் ஏதோ மருமகளைப் பற்றிச் சொல்கிறானோ என்று ஒரு கணம் பதறிப்போனேன்.

சரி, தரையையாவது பார்ப்போமென்று சுற்றி நடந்தேன். அத்தான், அதைத் தரை என்று சொன்னால் அது பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய பொய். வாரம் முழுக்கப் பெய்த மழையில் மகாவலி பொங்கி உள்ளே வந்து, திரும்பிப் போகும்போது வண்டலை எல்லாம் குதிரைகள் ஓடும் பாதையின் ஆற்றோரத் திருப்பத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதில் இரண்டு எருமைகள் சுகமாகப் படுத்திருந்தன. பியூன் வந்து அவற்றை விரட்டினான். எருமைகளுக்கு எழும்ப மனமில்லை, அவ்வளவு ஆழம். அவை போனபிறகு அந்தக் குழியின் மேல் வைக்கோலைப் பரப்பி, கிறிஸ்மஸ் கேக்குக்குச் சீனி தூவுவதுபோல மணலைத் தூவினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

எனக்கு இரத்தம் கொதித்தது. நேரே மைதானத்துக்குப் பொறுப்பான ஹார்கிரேவ் துரையிடம் போய், திருப்பத்தில் குதிரை புதைந்துபோகும் என்றேன். அவர் வந்து கைத்தடியால் குத்திப் பார்த்தார். தடி பிடிவரை உள்ளே போனது. இழுத்தார், வரவில்லை. பியூனும் சேர்ந்து இழுத்தான், வந்தது, துரையின் ஒரு சப்பாத்து உள்ளே போய்விட்டது. அதையும் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு, தோட்டத்தில் பழகிய தமிழில், "தரை நல்லா இருக்கு. கொஞ்சம் மெதுமை, அவ்ளோதான்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ குதிரை வச்சிருக்கியா?" என்று கேட்டார். "இல்லீங்க துரை, மருமகன் வச்சிருக்கேன்" என்றேன். அது அவருடைய சட்டத்தில் இல்லாத உறவு போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் கேளுங்கள். குதிரைக்கு ஒரு வைத்தியர் இருந்தார். குதிரைக்குக் கம்பளி, குதிரைக்குப் பிராந்தி, கால் முறிந்தால் இழுத்துப்போக வண்டி, எல்லாம் இருந்தன. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குப் பஞ்சு ஒரு துண்டு இல்லை. சொந்தக் குதிரையில் ஏறிய ஒரு தோட்டத்துச் சின்னத்துரை தலையில் தக்கைத் தொப்பி. நம் பிள்ளைகள் தலையில் பட்டுத்துணி. மண்டை உடைந்தால் நல்ல நிறத்தில் உடையட்டும் என்று நினைத்தார்கள் போல.

பந்தயம் மைதானத்தை இரண்டு சுற்று. முதல் சுற்றிலேயே நான் சொன்னது நடந்தது. திருப்பத்தில் பெலிண்டாவின் முன்கால்கள் வைக்கோலோடு உள்ளே போயின. லியோன் அதன் தலைக்கு மேலாகப் பறந்துபோய்க் குப்புற விழுந்தான். குதிரை எழும்பி, உடம்பை உதறிவிட்டு, விலகித் தாண்டிப்போன மற்றக் குதிரைகளின் பின்னால் ஆளில்லாமல் ஓடியது. சனங்கள் அதற்குக் கைதட்டினார்கள். லியோன் எழும்பவில்லை. முகம் சேற்றுக்குள் இருந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்தவன் நான், அத்தான். வேலிக்குக் கீழே நுழைந்து ஓடினேன். என் வயதும் என் வயிறும் ஓடக்கூடியவை அல்ல, ஆனால் ஓடின. அவன் முகத்தைப் புரட்டிவிட்டேன். மூச்சு இருந்தது. அதற்குள் வேலியோரம் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் முஹைதீன் கத்தினார்: "அல்லாவே! ரெண்டாஞ் சுத்து வருது, எழும்புங்க டாக்டரையா!"

நிமிர்ந்தால் மிச்சக் குதிரைகள் அத்தனையும் நேரே வருகின்றன. லியோனைத் தூக்கப் பார்த்தேன், சேறு விடவில்லை. கையில் குடை இருந்தது. மாதாவே என்று அதைப் படாரென்று விரித்துக் குதிரைகளுக்கு நேராக நீட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை அக்காளுக்குச் சொல்ல வேண்டாம். திறந்தபோது குதிரைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறி ஓடியிருந்தன. ஒன்று ஆற்றங்கரைவரை போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த சின்னத்துரை தக்கைத் தொப்பியோடு சேற்றில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு ஒன்றுமில்லை, பார்த்தீர்களா?

எனக்கு நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். சின்னத்துரையின் குதிரைமேல் காசு கட்டியிருந்த புடவைக்கடைக் கறுப்பையா ஓடிவந்து, "ஒங்க கொடைய விரிக்க வேற எடமே கெடைக்கலியா?" என்று என் கோட்டைப் பிடித்தார். "பிள்ளை சாகக் கெடக்கான்யா!" என்றேன். "அதுக்கு ஓரமாத் தூக்கிப் போடுறது!" என்றார். ஹார்கிரேவ் துரை வந்து, பந்தயத்தைக் கெடுத்ததற்காக என்மேல் வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். குதிரைக்கு வைத்தியர் வைத்தவர்களுக்கு மனிதனுக்கு ஒரு டாக்டர் வைக்கத் தெரியாதா என்று நானும் சத்தம் போட்டேன். முஹைதீன் ஒருவர்தான் மனிதன். கடைப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து, லியோனை அதில் கிடத்தி, ஒரு முனையை அவரே பிடித்தார்.

கண் விழித்ததும் உங்கள் மகன் என்ன கேட்டான் தெரியுமா? "பெலிண்டாவுக்குக் காலு பரவால்லையா மாமா?" அதற்குப் பிராந்தி கொடுத்துவிட்டார்கள், நிம்மதியாகப் படு என்றேன்.

இனி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்தத் தரையை வெட்டி நிரவும்வரை, ஏறுகிற ஒவ்வொருவன் தலையிலும் தக்கைத் தொப்பி வரும்வரை, மனிதனைப் பார்க்கவும் ஒரு வைத்தியர் நிற்கும்வரை, நம் குடும்பத்தில் ஒருவனும் குதிரைமேல் கால் போடக்கூடாது. அந்த மைதானத்தை நான் இனி எட்டியும் பார்க்க மாட்டேன் என்று லூர்து மாதா படத்தின் முன் சொல்லிவிட்டேன். உடனே வந்து லியோனைக் கூட்டிப்போகவும். அக்காளுக்கும் சின்னவர்களுக்கும் மாதாவின் காவல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நியாயம் கேட்டதற்காக வழக்கை எதிர்பார்த்திருக்கும்
கபிரியேல்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஹார்கிரேவ் துரை மோட்டாரில் வந்துவிட்டார். வழக்கு இல்லையாம். சின்னத்துரை தன் தொப்பியை எல்லோருக்கும் காட்டி, எல்லா ஜாக்கிக்கும் இதுபோல் வாங்கித் தரச் சொல்லிவிட்டாராம். "டாக்டர் வேணும்னு நீதானே சத்தம் போட்டது? நீயே டாக்டரா வா" என்றார். மார்பில் குத்திக்கொள்ள ஒரு நீலச் சின்னமும் தந்தார். மறுப்பது மரியாதையல்ல. அவருடைய மோட்டாரிலேயே போய் மைதானத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். மோட்டாரில் உட்கார்ந்து பார்க்கும்போது தரையில் அப்படியொன்றும் குற்றமில்லை. விழுகிறவனுக்கு மெத்தைதான். கிறிஸ்மஸுக்கு அடுத்த வாரம் மறுபடி பந்தயம். அதற்குள் தோள் ஆறிவிடும் என்று வைத்தியன் என்ற முறையில் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே லியோனைக் கூட்டிப்போக வரவேண்டாம். பார்க்க வாருங்கள். அக்காளை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், நாம் உட்காரும் கதிரைகள் துரைமார் வரிசையில்.