வெள்ளை அமரர் ஊர்தியை நான் விற்றுவிட்டேனா என்று கேட்ட அக்காவுக்கு

சான் ரோகெ,
திருவிழா முடிந்த மூன்றாம் நாள்.

மரியாதைக்குரிய ரெமெடியோஸ் அக்காவுக்கு, தம்பி கிரிசாந்தோ பணிவுடன் எழுதுவது. வின்னிபெக்கில் பனி எப்படி, உங்கள் முழங்கால் எப்படி என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். ஊரில் மற்ற எல்லோரும் நலம். ஆகவே நம் ஈமச்சடங்கு நிலையத்தில் தொழில் மந்தம்.

கூடைப்பந்து ஆட்டக்காரன் ஒருவனை வாங்குவதற்காக அப்பாவின் வெள்ளை அமரர் ஊர்தியை நான் விற்றுவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பெர்லா போனில் சொன்னாளாம். நிலையத்தில் பாதி உங்களுடையது என்பதையும் இரண்டு இடங்களில் நினைவூட்டியிருந்தீர்கள். ஒரு இடமே போதும். ஊர்தியை விற்கவில்லை. இதோ ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது, நேற்றுதான் கழுவினேன். ஆனால் பெர்லாவின் வாயில் இப்படி ஒரு கதை எப்படி முளைத்தது என்பதை முறையாக விளக்குவது என் கடமை.

அப்பா நம் நிலையத்தின் பேரில் அணியைத் தொடங்கிய நாளிலிருந்து நமக்கு ஒரே கொள்கை: ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுப்பதில்லை. ஊரில் உயரமான பையன் உயரமான பெண்ணைக் கட்டினால் அப்பா முதல் ஆளாகத் திருமண சாட்சியாக நிற்பார். குழந்தை பிறந்ததும் அதற்கு ஞானத்தகப்பன் ஆகிவிடுவார். பதினெட்டு வருடம் பொறுத்திருந்தால் அந்தக் குழந்தை வந்து நம் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடும். ஞானத்தகப்பனிடம் யாரும் கூலி கேட்பதில்லை. நானும் அதையே தொடர்ந்தேன். ஞாயிறுதோறும் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பெற்றோரின் உயரத்தைக் கண்ணால் அளப்பேன். சென்ற வருடம் பாதர் அன்செல்மோ என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கிரிசாந்தோ, குள்ளமான பிள்ளைங்களுக்கும் ஆன்மா உண்டுப்பா" என்றார். நான் மறுக்கவில்லை. அவற்றை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்த வழியில் நமக்குக் கிடைத்தவர்களில் சிறந்தவன் டென்மார்க். அவன் பிறந்தபோது அவனுடைய அப்பாவின் கப்பல் அந்த நாட்டுத் துறைமுகத்தில் நின்றதால் அந்தப் பெயர். நல்லவேளை, அதற்கு முந்தின வாரம் கப்பல் நின்ற ஊரின் பெயர் இன்னும் நீளம். ஆறடி நாலு அங்குலம். நம் சவப்பெட்டிக் கிடங்கின் சுவரில் பந்தை அடித்து அடித்துத்தான் பழகினான். இந்த வருடம் திருவிழா லீக்கின் கோப்பை நமக்குத்தான் என்று ஊரே பேசியது. அப்போதுதான் ஐஸ் ஆலை பெலார்மினோவுக்கும் கோப்பை ஆசை வந்தது. லீக்கில் ஆட இந்த ஊரில் ஆறு மாதமாவது குடியிருக்க வேண்டும் என்பது விதி. அவர் மணிலாவிலிருந்து இரண்டு நெட்டையன்களைக் கொண்டுவந்து, ஆறு மாதமும் ஐஸ் ஆலை மாடியில் தங்கவைத்து, மூன்று வேளையும் பன்றிக்கறியும் சோறுமாகப் போட்டார். இருவரும் மே மாத வெயிலில் கம்பளிச் சட்டையோடு திரிந்தார்கள். அது போதாதென்று, தன் பக்கம் வந்தால் மோட்டார் சைக்கிளும் ஆலையில் வேலையும் தருவதாக டென்மார்க்குக்குச் சொல்லியனுப்பினார்.

ஊர் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைசிக்கிள் ஸ்டாண்டில் நான் நிற்பது தெரிந்தே ஒருவன் சொன்னான்: "கிரிசாந்தோ அண்ணன்கிட்ட பெரிசா ஒரு காரியம் நடக்கணும்னா சாகணும்டா. அப்பவும் பணம் குடுக்கறது நம்ம வீட்டுக்காரங்கதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் எல்லோரும் ஒருநாள் நம்மிடம் வரவேண்டியவர்கள்.

மறுநாள் டென்மார்க்கே வந்தான். ஆசி வாங்கும் முறைப்படி என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, காலியாக இருந்த ஒரு சவப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். "நினோங், நான் காசு கேட்டு வரல. நீங்க என்ன செய்வீங்கன்னு கேக்க வந்தேன்."

"ஞானஸ்நானத் தொட்டியில உன்னை ஏந்தின நினோங்டா நான், ஞானத்தகப்பன்."

"தெரியும் நினோங். நன்றிதான். அதை வச்சு வண்டிக்குப் பெட்ரோல் போட முடியல."

"உங்கப்பா செத்தப்ப பெட்டிக்கு நான் பாதி விலைதான் வாங்கினேன்."

"அதுவும் ஞாபகம் இருக்கு. பாதி விலைன்னு பெட்டியிலயே எழுதியிருந்தீங்க."

அது கிடங்குக்காரன் எழுதியது, அக்கா. துடைக்க மறந்துவிட்டான். போகட்டும். "இந்த வருஷம் நான் செலவு பண்ணப்போறேன், பாத்துக்கிட்டே இரு" என்று டென்மார்க்கிடம் சொல்லியனுப்பினேன். அவனும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டு இருந்தான்.

நான் கஞ்சன் என்று இனி யாரும் சொல்லக்கூடாது. உண்மையாகவே செலவு செய்தேன். தொடக்க விழா அணிவகுப்பு வந்தது. ஒவ்வொரு அணிக்கும் முன்னால் அணியழகி நடப்பாள், சிறந்த அழகிக்கும் சிறந்த சீருடைக்கும் பரிசு உண்டு, ஊரே தெருவில் நிற்கும். முதலாளியின் மனசு அங்கேதான் தெரியும் என்று நினைத்தேன். பதினைந்து சட்டைகள், கறுப்புப் பட்டு, பொன் நூலில் நம் நிலையத்தின் பெயர். பல் டாக்டரின் மகளை அணியழகியாக்கி, அவளுக்குத் தரையில் புரளும் கவுன் தைத்து, வெள்ளை ஊர்தியை மல்லிகையால் மூடி, அதன் கூரையில் உட்காரவைத்து, முன்னால் வாத்தியக் குழுவோடு ஊர்வலம் விட்டேன். பழக்கதோஷத்தில் வழியெல்லாம் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு, "பாவம், இந்த வயசிலயா" என்றாள். பல் டாக்டர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆனால் இரண்டு பரிசும் நமக்குத்தான்.

அந்த மாலையே டென்மார்க் ஐஸ் ஆலைக்குப் போய்விட்டான். நம் கோச் தெபான் (பகலில் சடலம் பதப்படுத்துகிற அதே தெபான்தான்) பரிசுக் கேடயங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, சட்டை பந்து போடாதுண்ணே." பொன் நூலுக்குக் கொடுத்த காசில் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியிருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இருந்தாலும் மிச்சமிருந்த ஞானப்பிள்ளைகள் என் மானத்தைக் காப்பாற்றினார்கள். மூச்சைப் பிடித்து ஆடி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். எதிரே ஐஸ் ஆலை. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள திடலில் மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். ஆட்டம் தொடங்கப் போகும்போது டென்மார்க் நீலச் சட்டையோடு திடலைக் குறுக்கே கடந்து நேராக என்னிடம் வந்து, குனிந்து, என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். எதிரணி ஆட்டக்காரன்தான், ஆனால் ஞானப்பிள்ளை ஆசி கேட்டு நிற்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தெபான் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "வேணாம்ணே, ஆட்டம் முடிஞ்சப்புறம் குடுங்க" என்று முணுமுணுத்தார். நான் முறைப்படி, "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்றேன்.

கடவுள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடைசி நான்கு நொடி இருக்கும்போது நாம் ஒரு புள்ளி முன்னால். டென்மார்க் பாதித் திடலிலிருந்து எறிந்தான். பலகையில் பட்டு, வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விழுந்தது. பெலார்மினோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு அழுதார். தெபான் அன்றிலிருந்து நான் கையை நீட்டினாலே விலகிப்போகிறார்.

நேற்று டென்மார்க் புது வண்டியில் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "கோவமா நினோங்?" என்றான்.

"நீ போட்ட பந்து நல்ல பந்துடா. கோவப்பட்டு என்ன பண்றது."

"நம்ம சட்டையிலயே போட்டிருக்கணும்." வண்டிச் சாவியை விரலில் சுற்றினான். "திருவிழாவோட ஐஸ் ஆலை கணக்கு முடிஞ்சது. வண்டிக்குச் சாவி குடுத்தாரு, பேப்பர் குடுக்கல. வண்டி அவர் பேர்லதான் இருக்கு. அடுத்த வருஷமும் ஆடினாத்தான் பேப்பராம்."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். அவனுக்குக் கல்யாணம். பெண் பக்கத்து ஊர் லியோனிலா, கைப்பந்து ஆடுகிறவள், ஐந்தடி பதினோரு அங்குலம். சாட்சியாக நான் நிற்க வேண்டுமாம். அக்கா, என் கண் கலங்கிவிட்டது. ஆறடி நாலும் ஐந்தடி பதினொன்றும். அப்பா இருந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் எடுத்த முடிவு இது. நாம் ஆட்டக்காரனை விலைக்கு வாங்குகிற குடும்பம் இல்லை. அப்பா காட்டிய வழியில் கல்யாணத்தில் சாட்சியாக நின்று, ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று, பதினெட்டு வருடம் பொறுமையாகக் காத்திருப்போம். வெள்ளை ஊர்தி நம் வாசலிலேயே நிற்கும். பெர்லாவிடம் சொல்லிவிடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி (அவர்கள் ஆடுகிற நாளில் வேண்டாம், மறுநாள் சொல்லுங்கள்). நம் ஊர்ப் புனித ரோகெ உங்கள் முழங்காலைக் காக்கட்டும். நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று, தொழிலையும் மீறி, மனமார வேண்டுகிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
கிரிசாந்தோ டிமாயுகா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தெபான் வந்தார். பதினெட்டு வருடம் கழித்து எனக்கு எண்பத்தொன்று ஆகும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். இத்துடன் உள்ள தாளில் பென்சிலால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். ஊர்தி நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாதாம். நம் சட்டைக்குத் திரும்பி வர டென்மார்க் சிவப்பு வண்டிதான் வேண்டும் என்கிறான், பேப்பரோடு. ஊர்தியை வாங்குகிறவர் பெலார்மினோ. கோப்பை கிடைத்தும் அவருக்குத் தூக்கம் இல்லையாம். அடுத்த வருடம் சிறந்த அணியழகிப் பரிசு வேண்டுமாம்.