மைனஸ் மூணு பிரிய மாட்டேன் என்கிறான்

"மூணு வாரமா ரெண்டு பேரும் சந்தோஷமாவே இருக்காங்க. எப்பத்தான் பிரிப்பீங்க?" என்று போனில் கேட்டார் எடிட்டர்.

பெரியவள் நகத்தைக் கடித்தாள். "அது இயல்பா வரணும் இல்லையா மேடம்..."

"வாசகர்கள் இயல்பாப் போய்க்கிட்டு இருக்காங்க. அடுத்த அத்தியாயத்துல பிரிவு வரலைன்னா தொடரை நிறுத்திடுவேன். முகப்பரு பத்தி எழுத ஒரு அம்மா ரெடியா இருக்காங்க."

அக்கா தங்கை பாசம், குடும்பம், நடுவில் ஒரு காதல். ஒரு மொபைல் ஆப்பில் வாரா வாரம் வந்துகொண்டிருந்த தொடர் அது. அதை நம்பித்தான் பெரியவள் டீச்சர் வேலையை விட்டாள். விட்டதோடு நிற்கவில்லை, "நான் இலக்கியத்துக்குப் போறேன்" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டு வந்திருந்தாள். முகப்பருவிடம் தோற்றுப் போய் எந்த முகத்தோடு அங்கே திரும்பிப் போவது?

சிக்கல் என்னவென்றால், கற்பனை என்பது பெரியவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. முதல் அத்தியாயத்துக்கே ஒன்றும் தோன்றாமல் அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "இப்படி ஆரம்பிச்சா என்னக்கா?" என்று தங்கை ஏதோ சொல்ல வந்தாள்.

"லென்ஸ் துடைக்கிறது உன் வேலை. கதை என் வேலை" என்று வாயை அடைத்துவிட்டாள் பெரியவள்.

சின்னவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நல்ல வேளையாக அந்த வாரமே, கண்ணைச் சோதிக்க வந்த ஒருவன் அவளிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டான். மைனஸ் மூன்று பவர். அதனால் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. மைனஸ் மூணு என்ன சொன்னான், எப்படி வழிந்தான் என்று சின்னவள் தினமும் கடையிலிருந்து போன் செய்து ஒப்பிப்பாள். பெரியவள் சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றி எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்வாள். தங்கைக்கும் அது தெரியும். "எழுதிக்கோக்கா" என்று சிரிப்பாள்.

இப்போது அந்தக் காதலில் அவசரமாக ஒரு விரிசல் தேவைப்பட்டது.

"சும்மா கொஞ்ச நாள் அவனைப் பிரிஞ்சு இருந்து பாரேன்டி. அன்பைச் சோதிக்க வேணாமா?"

"பாக்கறேன்கா. ஆனா அது என் கையில மட்டும் இல்லையே" என்றாள் சின்னவள்.

மறுநாள் போன் வந்தது. "சண்டை போட்டேன்கா. அழுதுட்டான். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, 'இப்ப எனக்கு உலகத்துல எதுவுமே தெரியல, நீ மட்டும் தெரியுற'ன்னு சொல்லிட்டான்."

பெரியவளும் விதியே என்று அதை எழுதி அனுப்பினாள். அத்தியாயம் சொட்டச் சொட்ட இனித்தது. போனால் போகிறதென்று அதை வெளியிட்டுவிட்ட எடிட்டரிடமிருந்து ஒரே வார்த்தை எச்சரிக்கையாக வந்தது: "முகப்பரு."

இனி அப்பாதான் கதி. லைசென்ஸுக்கு வண்டி ஓட்டிக் காட்ட வந்தவர்களையெல்லாம் பெயிலாக்கி, பெயிலாக்கியே ரிட்டயர் ஆன மனிதர். ஒரு காதலைப் பெயிலாக்க மாட்டாரா?

"அப்பா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சின்னவ யாரையோ லவ் பண்றா."

அப்பா பேப்பரை இறக்கினார். "பையனுக்கு வேலை இருக்கா?"

"அது... இருக்கு."

"அப்பாடா. உன்னை மாதிரி வேலையை விட்டவனோன்னு பயந்துட்டேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

பெரியவள் சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, நீயாவது வேணாம்னு சொல்லு. அவனுக்குக் கண்ணே சரியாத் தெரியாதும்மா. சரியான சோடாபுட்டி!"

அம்மா அடுப்பை அணைத்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "கண்ணாடியைக் கழட்டிட்டு 'நீ மட்டும் தெரியுற'ன்னு சொன்னானே, அவனா? உன் தொடர்ல வர்றவனா?"

"அம்மா..."

"நான் அப்பவே உங்க அப்பாகிட்ட சொன்னேன். இவ்வளவு நல்ல பிள்ளை இவளுக்குத் தோணியிருக்கவே மாட்டானேன்னு!"

சாயங்காலத்துக்குள் சோபா உறை மாறியது. அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்தார். சித்தியும் சித்தப்பாவும் தாங்களும் வருவதாகப் போன் செய்தார்கள். விஷயம் சின்னவள் காதுக்குப் போனதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாரைக் கேட்டுக்கா வரச் சொன்னீங்க?"

"ஏன்டி, வர மாட்டானா?" என்ற பெரியவளின் குரலில் இருந்த ஆவலைச் சின்னவள் கவனித்தாளோ என்னவோ, அறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மேஜை மேல் கேக். சுற்றிலும் குடும்பம். நடுவில் மாப்பிள்ளைக்கென்று ஒரு காலி நாற்காலி. அதைச் சித்தப்பா ஏற்கெனவே இரண்டு முறை துடைத்துவிட்டார். சின்னவள் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

பெரியவள் கதவில் காதை வைத்தாள். உள்ளே விசும்பல். தங்கைமேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. நெஞ்சு நிஜமாகவே வலித்தது. ஆனாலும் 'விசும்பினாள்' என்ற சொல்லை மொபைலில் குறித்துக்கொண்டாள்.

"பிரிஞ்சுட்டீங்களாடி கண்ணு? எங்க வச்சு? மழை பெஞ்சுதா?"

"போக்கா நீ!"

அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தது. குடும்பமே வாசலுக்குப் பாய்ந்தது.

வெளியே, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு, வழுக்கைத் தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார்.

"வயசு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும்..." என்று ஆரம்பித்தார் அப்பா.

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "தொடர்ல இப்படி எழுதலையேடி!"

"ஐயோ, நான் பையன் இல்லீங்க. பாப்பா வேலை பாக்குற கடையில லென்ஸ் தேய்க்கிறவன். பையன் வெளிநாடு போயிட்டான்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரியவள் அவரைக் கையோடு பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அவங்க பிரிஞ்சுட்டாங்களா, இல்லையா? இன்னிக்குத் தெரியலைன்னா என் பிழைப்பே போயிடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"பாப்பாவைத் திட்டாதீங்கம்மா, தப்பு எங்க மேலதான். தினம் மத்தியானம் சாப்பிடறப்ப அது கதையைக் கட்டி எங்களுக்குச் சொல்லிப் பாத்துட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணும். இந்த வாரம் மைனஸ் மூணைப் பிரிச்சுடறேன்னுதான் சொல்லுச்சு, கடையில இருக்கிற நாங்க அத்தனை பேரும் சேர்ந்துதான், 'பாவம், வேணாம்'னு கை தூக்கி ஓட்டுப் போட்டுட்டோம்."